கம்பி இல்லாத வீடு: வெயிலை மட்டும் நம்பி வாழ முடியுமா?

மின்வாரியத்தின் இணைப்பே இல்லாமல், மொட்டை மாடியில் விழும் வெயிலை மட்டும் நம்பி ஒரு குடும்பம் வாழ முடியுமா? இந்தக் கேள்வியை இன்று இரு தரப்பினர் கேட்கிறார்கள். ஈபி பில்லைப் பார்த்து மலைத்துப்போகும் நகரத்துக் குடும்பத்தார் ஒரு தரப்பு. காட்டுக்குள்ளோ கடலுக்கு நடுவிலோ குடியிருப்பதால் கம்பி வந்து சேராத ஊர்க்காரர்கள் மறு தரப்பு. முன்னவர்களுக்கு அது விருப்பம், பின்னவர்களுக்கு வேறு வழி இல்லை. இரு தரப்புக்கும் அதே பேனலும் அதே பேட்டரியும்தான் விற்கப்படுகின்றன. ஆனால் இரு தரப்புக்கும் சொல்ல வேண்டிய பதில் ஒன்றல்ல.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசல்வரை கம்பி வந்திருப்பவர் அதை அறுத்துக்கொள்ளத் தேவையில்லை. கம்பி வராதவருக்கு சோலார் கொடுப்பது அவசியம். ஆனால் பேனலை மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதை மின்சாரம் கொடுத்த கணக்கில் எழுதக் கூடாது. இந்த முடிவுக்கு வரக் காரணமான கணக்குகளையும் அனுபவங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வெயிலில் நமக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் கொடுக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 யூனிட். இன்று சந்தையில் கிடைக்கும் 540 வாட் பேனலில் இரண்டு போட்டால் ஒரு கிலோவாட் ஆகிவிடுகிறது. கத்திரி வெயிலில்தான் மின்சாரம் அதிகம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பேனலின் மீது எழுதியிருக்கும் வாட் கணக்கோ அதன் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. மே மாத மதியத்தில் தளத்துக்கு மேலே பேனலின் சூடு 60 டிகிரியைத் தாண்டுகிறது. ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் உற்பத்தியில் சுமார் 0.35 சதவீதம் குறையும். ஆக, உச்சி வெயிலில் எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது. வானம் தெளிந்து, சூடும் ஏறாத பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் பேனல் தன் முழுத் திறமையைக் காட்டும்.

பேனலைப் பற்றி விற்பனையாளர் சொல்லாமல் விடும் இன்னொன்று நிழல். பேனல்களைத் தொடராக இணைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழலோ ஒரு தென்னை மட்டையின் நிழலோ ஒரே ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தாலும் அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பகுதி வேலை செய்யாமல் போகலாம். காக்கை எச்சமும் அதே வேலையைத்தான் செய்கிறது. கழுவுவதிலும் பக்குவம் வேண்டும். வெயில் ஏறியபின் சுடச்சுட இருக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது. விடியற்காலையில் கழுவ வேண்டும். உப்பு அதிகமுள்ள போர் தண்ணீரால் கழுவிக் கழுவி, வெள்ளைப் படிவம் பிடித்து மங்கிப்போன பேனல்களை எத்தனையோ மாடிகளில் பார்க்கலாம். இரண்டு குடம் மழைநீரைப் பிடித்து வைத்திருந்தால் போதும், அந்தப் படிவம் வராது.

அடுத்து, வீட்டின் தேவை. சிக்கனமான ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்இடி விளக்குகள் ஆறு, ஐந்து மணி நேரம். பழைய 75 வாட் மின்விசிறிகளுக்குப் பதில் 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறிகள் நான்கு, பத்து மணி நேரம். ஒரு ஃபிரிட்ஜ், நாளுக்கு ஒரு யூனிட். டிவி நான்கு மணி நேரம். போன், லேப்டாப், இணைய மோடம். மிக்ஸி பத்து நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிரைண்டர், தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஒரு குதிரைத்திறன் மோட்டார் அரை மணி நேரம். எல்லாம் கூட்டினால் மூன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல் வருகிறது. இரண்டு கிலோவாட் பேனல் நல்ல நாளில் 8 யூனிட் தரும். அப்படியானால் கவலையே இல்லை என்று தோன்றும்.

ஆனால் இந்த மூன்றரை யூனிட்டில் பாதிக்கு மேல் தேவைப்படுவது சூரியன் மறைந்த பிறகு. கம்பி இல்லாத, அதாவது ஆஃப்கிரிட் வீட்டின் முழுச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. மின்சாரம் தயாரிப்பது மலிந்துவிட்டது. சேர்த்து வைப்பது இன்னும் மலியவில்லை.

நம் ஊரில் இன்வெர்ட்டருக்கு வழக்கமாக வாங்குவது 150 ஆம்பியர்ஹவர் ட்யூப்ளர் பேட்டரி. 12 வோல்ட்டால் பெருக்கினால் 1.8 யூனிட். ஆனால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். தினமும் அடிமட்டம் வரை வடித்தால் இரண்டே ஆண்டில் படுத்துவிடும். ஆகக் கையில் கிடைப்பது 0.9 யூனிட். இப்படிப் பக்குவமாகப் பயன்படுத்தினால் சுமார் 1,500 முறை ஏற்றி இறக்கலாம். பேட்டரி விலை 16,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அது தன் ஆயுளில் கொடுக்கும் 1,350 யூனிட்டில் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 12 ரூபாய் சேமிப்புக் கூலி ஆகிறது. பேனல் விலை இதில் சேரவில்லை. இது மின்வாரியம் வீடுகளுக்கு வைத்திருக்கும் மிக உயர்ந்த படிக்கட்டணத்தையே தொட்டு நிற்கும் தொகை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வந்தபின் நிலைமை மாறியிருக்கிறது. 5 யூனிட் கொள்ளளவுள்ள ஒன்றில் 4 யூனிட்டைத் துணிந்து எடுக்கலாம். 4,000 முறைக்கு மேல் தாங்கும். ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கினாலும் யூனிட்டுக்கு ஆறு ரூபாய்தான் விழுகிறது. ஆனால் அந்த ஒரு லட்சத்தை முதலிலேயே கையில் எடுத்து வைக்க வேண்டும்.

ட்யூப்ளர் பேட்டரி வைத்திருப்பவர்கள் அதைப் பிள்ளையைப் போல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, மிதவைக் குச்சி இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். முனைகளில் பூக்கும் பச்சைநிற உப்பைத் துடைத்து வாஸ்லின் தடவ வேண்டும். வெயில் நேராகப் படும் இடத்தில் வைக்கக் கூடாது. சூடு ஏற ஏற ஆயுள் குறையும். குழாய்த் தண்ணீரை ஊற்றியதால் வீணாய்ப் போன பேட்டரிகள் நம் ஊரில் ஏராளம்.

பிறகு மழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கடற்கரை மாவட்டங்களில் நின்று பெய்யும்போது பேனல் தருவது வழக்கத்தில் கால் பங்கோ அதற்கும் குறைவோதான். 8 யூனிட் தந்த இடத்தில் ஒன்றரை வரும். மூன்று நாள் அடைமழை என்றால் நம் சிக்கன வீட்டுக்கே பதினோரு யூனிட் தேவை. 5 யூனிட் பேட்டரி இரண்டாம் நாள் இரவைத் தாண்டுவது கடினம். பேட்டரியை இரட்டிப்பாக்கலாம், ஆனால் அந்தக் கூடுதல் பேட்டரிக்கு ஆண்டில் பத்துப் பதினைந்து நாள்தான் வேலை இருக்கும். ஆகவே உண்மையில் கம்பியின்றி வாழ்பவர்கள் பேட்டரியைப் பெருக்குவதில்லை, தேவையைச் சுருக்குகிறார்கள். மழை பிடித்தால் ஃபிரிட்ஜை அணைக்கிறார்கள். வெயில் தலைக்கு மேலே இருக்கும்போதே மோட்டார் போட்டு, மாவரைத்து, துணி துவைத்து முடிக்கிறார்கள். அடுப்புக்குக் கேஸ், குளிக்கிற வெந்நீருக்கு மாடியில் வெயிலில் காயும் வாட்டர் ஹீட்டர். இண்டக்ஷன் அடுப்பையும் கீசரையும் அவர்கள் நினைப்பதில்லை.

இந்தச் சுருக்கத்துக்கு மனம் ஒப்பாதவர்களுக்குக் கணக்கு கடுமையாகிவிடும். ஒன்றரை டன் ஏசி ஓர் இரவில் 6 முதல் 8 யூனிட் குடிக்கும். அதற்கு மட்டும் இரண்டு லித்தியம் பேட்டரி வேண்டும். மோட்டார் வேறு விதத்தில் தொல்லை தரும். 750 வாட் மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் மூன்று முதல் ஐந்து மடங்கு இழுக்கிறது. அதைத் தாங்காத இன்வெர்ட்டர் சுவிட்சைப் போட்டதும் அணைந்துவிடும். வாங்கும்போது இதைக் கேட்காமல் வாங்கிவிட்டு, மோட்டார் ஓடவில்லையே என்று பிறகு வருந்துகிறார்கள்.

நம் சிக்கன வீட்டுக்குத் திரும்புவோம். மூன்றரை யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 215 யூனிட் சொச்சம். தமிழ்நாட்டில் 2016இலிருந்து முதல் 100 யூனிட் இலவசம். மிச்சத்துக்கு இன்றைய கட்டணத்தில் சில நூறு ரூபாய் பில் வரும். அதைத் தவிர்க்க இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் முதல் போட்டு ஆஃப்கிரிட் அமைப்பதில் பொருள் இல்லை. சிக்கனமாக வாழ்பவருக்குக் கம்பியை அறுப்பதால் ஆதாயம் இல்லை. தாராளமாகச் செலவழிப்பவரால் அறுக்கவே முடியாது. தமிழக நகரங்களைப் பொறுத்தவரை முழு ஆஃப்கிரிட் என்ற கேள்வி இதோடு முடிந்துவிடுகிறது என்பதே என் கருத்து.

முடியாமல் நிற்பது வேறொரு கேள்வி: கரண்ட் போனால் என்ன செய்வது? 2012இல் மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்ததை மறந்தவர் இருக்க மாட்டார். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஊருக்கு ஊர் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துச் சுற்றினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் மாடியில் சோலார் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 2024 முதல் போடப்படும் சோலார்களில் மிகப் பெரும்பாலானவை பேட்டரி இல்லாத ஆன்கிரிட் வகை. மின்வாரியக் கம்பியில் கரண்ட் நின்றால் அந்த இன்வெர்ட்டரும் சில நொடியில் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து வரக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். அது சரியான ஏற்பாடு. ஆனால் வாங்குபவரிடம் இதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சுட்டெரிக்கும் வெயிலில், மாடியில் மூன்று கிலோவாட் பேனலை வைத்துக்கொண்டு, கீழே விசிறி ஓடாமல் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு எவரும் அதைச் சொல்லவில்லை.

கம்பியும் இருந்து, ஒரு பேட்டரியும் இருக்கும் ஹைபிரிட் அமைப்புதான் இதற்குப் பரிகாரம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதற்கு 18,000 என்று அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. அது பேனலுக்குத்தான், அதுவும் மின்வாரியத்தோடு இணைத்தால் மட்டும். பேட்டரிக்கு மானியம் இல்லை. புயல் வரும் கடலோர மாவட்டங்களுக்காவது ஒரு சிறு பேட்டரிக்கும் உதவ வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. பகலில் பெருகும் சோலாரைச் சேர்த்து வைக்க இடமில்லாத தொல்லையை இலங்கை ஏற்கெனவே சந்தித்துவிட்டது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின் தேவை குறைந்தபோது, கூரை சோலார்களைப் பகல் நேரத்தில் நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

வசதியுள்ளவர்கள் அத்தனை பேரும் பேட்டரி வைத்துக்கொண்டு கம்பியைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பாகிஸ்தானில் பார்க்கிறோம். மின்கட்டணம் தாங்காமல் 2024இல் மட்டும் அந்நாட்டினர் ஏறத்தாழ 17 ஜிகாவாட் பேனல் இறக்குமதி செய்தார்கள். கம்பிக்கும் மின்நிலையத்துக்கும் ஆகும் நிலையான செலவு குறையவில்லை. அதைச் சுமக்கும் தலைகள்தான் குறைந்தன. பேனல் வாங்க வழியில்லாதவர் மீது பாரம் இறங்குகிறது. சொந்த மாடி இல்லாத வாடகை வீட்டுக்காரரை நினைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும்.

இனி, வேறு வழி இல்லாதவர்கள். தமிழருக்குக் கம்பியற்ற வாழ்க்கை புதிதல்ல. 1990இல் தொடங்கி யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இன்றிக் கிடந்தது. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். அது யுத்தம் திணித்த இருள். அதை எளிய வாழ்க்கை என்று போற்றுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். விரும்பி ஏற்றவர்கள் ஆரோவில்லில் இருக்கிறார்கள். 1968இல் செம்மண் பொட்டலாக இருந்த அந்த இடத்தில் கம்பி எட்டாத குடியிருப்புகள் பல தம் தேவைக்குத் தாமே பேனல் வைத்துக்கொண்டன. அங்கே 2003இல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட் என்ற குடியிருப்பு இன்றுவரை சோலாரில்தான் இயங்குகிறது. ஆனால் அங்கே விவரம் தெரிந்த கைகள் அருகிலேயே இருக்கின்றன. பழுதானால் பார்க்க ஆள் உண்டு.

அந்த ஆள்தான் எல்லாம் என்பதை உலகின் மிகப் பெரிய அனுபவம் சொல்கிறது. வங்கதேசத்தில் 2003 முதல் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராம வீடுகள் தவணையில் சோலார் பெற்றன. தவணை வாங்க மாதந்தோறும் வீட்டுக்கு வந்தவரே பேட்டரியையும் பார்த்துவிட்டுப் போனார். திட்டம் ஓடியதற்கு அதுவே பெரிய காரணம். பிறகு அரசு மின்கம்பி எதிர்பார்த்ததைவிட வேகமாக ஊருக்குள் வந்தது. தவணை கட்டுவது நின்றது, திட்டம் சுருண்டது. பீகாரில் தர்ணை என்ற கிராமத்துக்கு 2014இல் கிரீன்பீஸ் அமைப்பு 100 கிலோவாட் சோலார் நிலையம் அமைத்துக் கொடுத்தது. திறந்து வைக்க வந்த முன்னாள் முதலமைச்சரிடம் ஊர்க்காரர்கள், எங்களுக்கு அசல் கரண்ட் வேண்டும் என்று கேட்டார்கள். விளக்கும் விசிறியும் ஓடின, ஃபிரிட்ஜ் ஓடவில்லை, யூனிட் விலையும் அதிகம். சில ஆண்டில் பேட்டரிகள் ஓய்ந்தன, மாற்றப் பணமில்லை, மலிவான அரசு மின்சாரம் வந்துவிட்டது. நிலையம் இருந்த இடம் மாட்டுக் கொட்டிலானது. அந்த ஊர்க்காரர்களை நன்றிகெட்டவர்கள் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அவர்கள் கேட்டது நியாயமாகவே படுகிறது. பட்டணத்தில் இருப்பவருக்குத் தடையில்லாத கரண்ட், கிராமத்தில் இருப்பவருக்கு இரண்டு விளக்கு என்று யார் வகுத்தது?

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய முதலமைச்சரின் பசுமை வீடுகள் திட்டம் இந்தத் தவறைத் தவிர்த்தது. 300 சதுர அடி வீடு, 5 சோலார் விளக்குகள், விரும்பினால் மின்வாரிய இணைப்பும். நாடு முழுவதும் 2017இல் வந்த சௌபாக்யா திட்டத்தில் கம்பி எட்டாத வீடுகளுக்கு 200 முதல் 300 வாட் பேனல், 5 விளக்கு, ஒரு விசிறி, ஒரு பிளக், 5 ஆண்டுப் பராமரிப்பு என்று வரையறுத்தார்கள். ஆறாம் ஆண்டு யார் பார்ப்பார்கள்? பேட்டரி சாகும் வயது சரியாக அதுதான். ஆனைமலை, சத்தியமங்கலம் போன்ற புலிகள் காப்பகங்களுக்குள் இருக்கும் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. மாற்று பேட்டரி தலைச்சுமையாகப் போக வேண்டிய இடங்கள் அங்கே உண்டு.

இங்கே ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு செய்த வேலையைக் குறிப்பிட வேண்டும். பேனல் தருவதும் பேட்டரி சேர்ப்பதும் டிசி. எல்இடியும் பிஎல்டிசி விசிறியும் உள்ளுக்குள் ஓடுவதும் டிசியில்தான். நடுவில் ஏசிக்கு மாற்றித் திரும்ப டிசிக்கு மாற்றுவதில் மின்சாரம் வீணாகிறது. அந்த மாற்றத்தையே நீக்கி 48 வோல்ட் டிசியில் வீட்டை ஓட்டும் முறையை அவர்கள் அமைத்தார்கள். ராஜஸ்தான் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அது நிறுவப்பட்டது. சின்ன பேனலும் சின்ன பேட்டரியுமே போதும் என்பதால் மலைக்குச் சுமந்து போவதும் எளிது.

ஊர் முழுவதற்கும் சேர்த்துச் செய்வதற்கு நெடுந்தீவு, அனலைதீவு, நயினாதீவைப் பார்க்க வேண்டும். இலங்கையின் மின்தொடரோடு இணையாத, டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்த தீவுகள். இவற்றுக்கு இந்திய அரசின் 1.1 கோடி டாலர் மானியத்தில் 1,700 கிலோவாட் சோலார், 530 கிலோவாட் காற்றாலை, 2,400 யூனிட் பேட்டரி, துணைக்கு டீசல் என்று திட்டமிட்டு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. வீட்டுக்கு வீடு பேட்டரி கொடுப்பதைவிட இது நல்ல வழி. பராமரிப்பு ஓரிடத்தில் நடக்கும், காற்று வீசும் இரவில் பேட்டரியின் வேலை குறையும், டீசல் மழை நாளைத் தாங்கும்.

பேட்டரியே வேண்டாத ஓர் ஆஃப்கிரிட் பயன்பாடு விவசாயக் கிணற்றில் இருக்கிறது. சோலார் பம்புசெட் வெயில் இருக்கும்வரை இறைத்தால் போதும், தொட்டியில் ஏறிய தண்ணீரே சேமிப்பு. வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு 60 சதவீத மானியம் தருகிறது. ஆதிதிராவிட, பழங்குடி சிறு குறு விவசாயிகளுக்கு இன்னும் கூடுதல். இலவச மின் இணைப்புக்கு வரிசையில் காத்திருக்கும் விவசாயிக்கு இதைவிட நல்ல வழி இப்போது இல்லை.

பழைய பேட்டரியைப் பற்றியும் ஒரு சொல். ஈய பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் விலை கழித்துக்கொள்வார்கள். அப்படிக் கொடுக்காமல் பழைய இரும்புக்காரரிடம் போட்டால் எங்கோ ஒரு கொட்டகையில் அதை உடைத்து உருக்குவார்கள். அந்த ஈயப் புகையைச் சுவாசிப்பவை அக்கம்பக்கத்துக் குழந்தைகள். 2022இன் பேட்டரிக் கழிவு விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைத்திருக்கின்றன. அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்.

சோலார் வாங்க நினைக்கும் வாசகர் முதலில் ஈபி மீட்டரைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். இரவுத் தேவை எத்தனை யூனிட் என்பது தெரிந்தபின் கடைக்குப் போங்கள். கரண்ட் போனால் இது ஓடுமா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பழைய விசிறிகளை மாற்றுவதற்குச் செலவிடும் பணம் பேட்டரிக்குச் செலவிடுவதைவிட முதலில் பலன் தரும். அரசிடம் கேட்க வேண்டியது வேறு. கம்பி போகாத ஒவ்வொரு குடியிருப்பிலும் அந்த ஊரைச் சேர்ந்த ஒருவருக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுத்து, ஆறாம் ஆண்டில் பேட்டரி மாற்றுவதற்கான தொகையை முதல் ஆண்டிலேயே ஒதுக்க வேண்டும். இது இல்லாமல் மலைக்குப் பேனல் அனுப்பும் எந்தத் திட்டத்தையும் ஏற்காதீர்கள்.